சொல்லக் கூசும் நோவு

பல்வலி வந்தால் வீடு முழுவதையும் எழுப்பிவிடுகிறோம். ஆசனவாயில் நோவு கண்டவரோ பெற்ற தாயிடமும் வாய் திறப்பதில்லை. மாணவர்களிடம் இக்கூச்சம் இன்னும் மிகுதி என்பதை என் மருத்துவத் தொழிலில் கண்டிருக்கிறேன். வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நாற்காலியில் ஒருபுறமாகச் சாய்ந்து உட்காரும்போதே உண்மை விளங்கிவிடும். ஆகவே அந்நோவைப் பற்றியே இன்று வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன்.

மலக்குடலின் முடிவில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு குழாய் ஒன்று உண்டு. அதன் உட்புறத்தில் பல்வரிசை போன்ற ஒரு கோடு சுற்றி ஓடுகிறது. கோட்டிற்கு மேலுள்ள சவ்வு குடலின் இனத்தைச் சேர்ந்தது. அதைக் கீறினாலும் நோவு தெரியாது. கோட்டிற்குக் கீழுள்ள பகுதியோ தோலின் இனம். விரல் நுனியைப் போலக் கூரிய உணர்ச்சி உடையது. இதனால்தான் மேற்பகுதியில் தோன்றும் உள்மூலம் பெரும்பாலும் வலிப்பதில்லை. இரத்தம் மட்டும் போகும். ஆசனவாயில் எது வலித்தாலும் மூலம் என்று சொல்லிவிடும் நம் வழக்கம் சரியன்று.

கூரிய வலிக்கு மிகச் சாதாரணமான காரணம் வெடிப்பு. இறுகிய மலம் வெளியேறும்போது தோல் கிழிகிறது. பெரும்பாலும் பின்புறத்து நடுக்கோட்டில். கண்ணாடிச் சில்லு அறுப்பதுபோல் இருந்தது என்பார்கள். கழித்த பின்னும் மணிக்கணக்கில் எரியும். கிழிசல் சிறிதுதான். ஆனால் அங்குள்ள உட்சுருக்குத் தசை நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாதது. வலி கண்டதும் அது இறுகிக்கொள்கிறது. இறுகவே இரத்த ஓட்டம் குறைகிறது. குறையவே புண் ஆறுவதில்லை. வலிக்கு அஞ்சி மலத்தை அடக்கினால் அது மேலும் கெட்டிப்பட்டு, மறுநாள் புண்ணை மீண்டும் கிழிக்கிறது.

இச்சுழலை அறுப்பதே சிகிச்சை. கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தவிடு நீக்காத தானியம், போதிய தண்ணீர். வேண்டுமானால் மலத்தை இளக்கும் மருந்து. தாங்கக்கூடிய வெந்நீரை அகன்ற பாத்திரத்தில் நிரப்பிப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தசை தளரும். புதிய வெடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறாதவர்களுக்குக் களிம்பு உண்டு. அதில் ஒருவகை, ஆல்ஃபிரட் நோபல் 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றாரே, அந்த வெடிமருந்தில் இருந்த நைட்ரோகிளிசரின்தான்! உடலில் அது நைட்ரிக் ஆக்சைடை விடுவித்துத் தசையைத் தளர்த்துகிறது. அவ்வாயு உடலில் செய்யும் வேலையைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் நோபலின் பெயராலேயே பரிசு கிடைத்தது வேடிக்கைதான். களிம்பினால் சிலருக்குத் தலைவலி வரும்; அவர்களுக்கு டில்டியாசெம் களிம்பு தரலாம். எதற்கும் ஆறாவிடில் உட்சுருக்குத் தசையின் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்துவார்கள். வாயுவை அடக்கும் ஆற்றல் சிலருக்குக் குறையக்கூடும் என்பதால் அதனை இறுதியில் வைத்திருக்கிறோம்.

திடீரென நீலநிறத்தில் உருண்டையாக வீங்கி வலித்தால், அது வெளிமூலத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். ஓரிரு நாள் கடுமையாக வலித்துப் பின் தானே தணியும். இரவில் தூக்கத்தைக் கலைத்துச் சில நிமிடங்களில் மறையும் வலியும் உண்டு. அது துன்பந்தருமேயன்றித் தீங்கு செய்யாது.

விண்விண் என்று தெறிக்கும் வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் நிலைமை வேறு. அது சீழ்க்கட்டி. மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருத்தல் ஆகாது. கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். கீறிய பின்னும் சிலருக்கு அது பவுத்திரமாகப் புரையோடும். பிரான்சின் மன்னன் பதினான்காம் லூயிக்கு 1686-இல் இந்நோய்க்காகவே அறுவை நடந்தது. மயக்க மருந்து அறியாத காலம் அது!

இன்று அந்தக் கொடுமை இல்லை. இருந்தும், தெருமுனை விளம்பரத்தைக் கண்டு, பெயர் தெரியாத மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு, சதை அழுகி வருபவர்களைப் பார்க்கிறேன். இரத்தப்போக்குடன் உடல் இளைத்தாலோ, மலங்கழிக்கும் வழக்கம் மாறினாலோ, வீட்டுப் பெரியவர்களைத் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குடற்புற்று மூலத்தின் பெயரில் ஒளிந்திருப்பதுண்டு.

பரிசோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. பக்கவாட்டில் படுக்கச் சொல்வோம். வெடிப்பு பெரும்பாலும் கண்ணால் பார்த்த அளவிலேயே தெரிந்துவிடும். வலி மிகுந்திருந்தால் விரலால் சோதிப்பதைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைப்பதே முறை.