இரண்டு வாரத் தொண்டூழியத்தில் யாருக்கு என்ன பயன்?

விடுமுறை வந்தால் வெளிநாட்டுத் தொண்டூழியத்துக்குக் கிளம்பும் மாணவர் குழுக்கள் சிங்கப்பூரில் பல. கடந்த மார்ச் மாதம் எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து 14 மாணவர்கள், இரண்டு விரிவுரையாளர்களுடன் கம்போடியாவின் சியம் ரீப் மாநிலத்துக்குச் சென்றோம். காலையில் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளி, பிற்பகலில் அருகிலிருந்த சிறுவர் இல்லம். இதுதான் இரண்டு வாரத் திட்டம்.

புறப்படும் முன்பே எங்கள் விரிவுரையாளர் ஒரு நிபந்தனை விதித்தார். சிறுவர் இல்லங்களைப் பற்றிய யுனிசெஃப் அறிக்கை ஒன்றை எல்லாரும் படித்து வர வேண்டும். 2005க்கும் 2010க்கும் இடையே கம்போடியாவில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது என்றது அந்த அறிக்கை. போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னர் ஆதரவற்றோர் இல்லங்கள் ஏன் பெருக வேண்டும்? அங்குள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவல் எங்களை இன்னும் குழப்பியது. அந்தக் குழப்பத்தோடுதான் விமானம் ஏறினோம்.

ஐந்தும் ஒன்றும் ஆறு

கம்போடியாவில் பல அரசுப் பள்ளிகள் இரண்டு நேரமாக நடக்கின்றன. ஒரு பகுதி மாணவர்கள் காலையிலும் மற்றவர்கள் பிற்பகலிலும் வருவார்கள். நாங்கள் சென்ற நான்காம் வகுப்பில் 40க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். மூவருக்கு ஒரு பாடநூல். மார்ச் மாத வெயிலில் தகரக் கூரையின்கீழ் காலை ஒன்பது மணிக்கே சட்டை நனைந்துவிடும்.

ஆசிரியையை மாணவர்கள் ‘நியாக் க்ரு’ என்று அழைத்தார்கள். ‘க்ரு’ என்பது நம் ‘குரு’தான். பள்ளிக்கு ‘சாலா’ என்று பெயர். பாடசாலையின் ‘சாலை’ நினைவுக்கு வந்தது. கெமர் எழுத்து, தென்னிந்தியப் பல்லவர் கால எழுத்திலிருந்து வளர்ந்தது என்று படித்திருக்கிறேன். கரும்பலகையில் அந்த வளைவுகளைப் பார்த்தபோது முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை.

எண்களைக் கற்றுக்கொடுத்தவர்கள் பிள்ளைகள். மூய், பீ, பெய், புவன், ப்ரம். ஐந்துவரை சரி. ஆறுக்குத் தனிச்சொல் கிடையாது; ‘ப்ரம் மூய்’, அதாவது ஐந்தும் ஒன்றும். ஏழு என்றால் ஐந்தும் இரண்டும். நான் தடுமாறியபோதெல்லாம் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அங்கு நாங்கள் பாடம் நடத்தவில்லை. ஆசிரியை நடத்திய ஆங்கிலப் பாடத்துக்கு உதவினோம். அவர் கேட்டபடி ஏறத்தாழ 200 பட அட்டைகளைத் தயாரித்து, மழையில் நனையாதபடி நெகிழித்தாள் ஒட்டினோம். பாடநூலில் வரும் சொற்களின் உச்சரிப்பை அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுத்தோம். முதல் மூன்று நாள் எங்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான்காம் நாள் அட்டைகளைக் கையில் எடுத்துத் தாமே விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். அது நாங்கள் யோசித்து வைத்திருந்த விளையாட்டைவிட நன்றாகவே இருந்தது.

இல்லத்தின் விதிமுறைகள்

சிறுவர் இல்லத்தில் நிலைமை வேறு. வாசலிலேயே கடப்பிதழ் நகலைக் கொடுத்து, சிறுவர் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது. தனியாக ஒரு பிள்ளையுடன் இருக்கக்கூடாது. படுக்கையறைப் பக்கம் போகக்கூடாது. தனிப்பட்ட முறையில் பரிசு தரக்கூடாது. எங்களுக்குத் தரப்பட்ட வேலை, நூலக அறையைச் சீர்ப்படுத்துவது, சமையலறைக்கு உதவுவது, இரண்டு ஊழியர்களுக்குக் கணினியில் கணக்கு எழுதக் கற்றுத்தருவது. பிள்ளைகளோடு விளையாட்டு என்றால் மாலையில் ஒரு மணி நேரம், பராமரிப்பாளர்கள் உடனிருக்க.

“விளையாடக்கூட விடமாட்டார்கள் என்றால் நாம் எதற்கு இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று அன்றிரவு என் தோழி ஒருத்தி கேட்டாள். எங்களில் பாதிப்பேர் மனத்தில் இருந்த கேள்விதான் அது.

மறுநாள் இல்லத்தின் மேலாளரிடமே அதைக் கேட்டோம். அவரை எல்லாரும் ‘போங்’ என்று அழைப்பார்கள். அண்ணன், அக்கா இரண்டுக்கும் அங்கு அதுவே சொல்.

கெமர் ரூஜ் ஆட்சி 1979ல் வீழ்ந்தபோது பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏராளம். அன்று இல்லங்கள் தேவைப்பட்டன என்றார் அவர். இன்று வரும் பிள்ளைகளின் கதை வேறு. பெற்றோர் தாய்லாந்தில் கட்டுமான வேலைக்குப் போயிருப்பார்கள். அல்லது பள்ளி தூரமாக இருக்கும், சாப்பாட்டுக்குச் சிரமமாக இருக்கும். ‘இல்லத்தில் படிப்பும் சோறும் கிடைக்கும்’ என்று குடும்பமே கொண்டுவந்து விடும். அங்கோர் கோயில்களைப் பார்க்க வரும் பயணிகள் மனமிரங்கி நன்கொடை தருவார்கள். பணம் வரும் இடத்தில் இல்லங்கள் பெருகும். இல்லங்கள் பெருகினால் அவற்றை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும்.

2017ல் வெளியான அரசாங்கக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தனர். பிள்ளைகளைக் குடும்பங்களுடன் மீண்டும் சேர்ப்பதே இப்போது அந்நாட்டு அரசின் கொள்கை. இந்த இல்லத்திலும் ஒரு காலத்தில் 30க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்களாம். நாங்கள் சென்றபோது 11 பேர்தான்.

‘அடுத்த வாரமும் வருவீர்களா?’

ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் என் தோழியிடம்தான் இதைக் கேட்டான். பராமரிப்பாளர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவளுக்குப் பதில் வரவில்லை. “வரமாட்டார்கள். நான் இருப்பேன்,” என்று அந்தப் பராமரிப்பாளரே அவனிடம் சொன்னார்.

பிறகு எங்களிடம் விளக்கினார். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று குழுக்கள் வரும். கட்டிப்பிடிப்பார்கள், தூக்கிக் கொஞ்சுவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒவ்வொரு குழுவும் கிளம்பிய இரவில் சில பிள்ளைகள் சாப்பிட மறுப்பார்கள். ஏற்கெனவே வீட்டைப் பிரிந்த பிள்ளைக்கு அது இன்னொரு பிரிவு. எங்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளின் பொருள் அப்போதுதான் விளங்கியது. அதன்பின் அந்தக் கேள்வியைத் தோழி மறுபடி கேட்கவில்லை.

சுவரோவியமா, சைக்கிளா?

வளாகத்தில் பலகாரம் விற்று நாங்கள் 3,200 வெள்ளி திரட்டியிருந்தோம். இல்லத்தின் சுவரில் பெரிய ஓவியம் வரையலாம், விளையாட்டுப் பொருள்கள் வாங்கலாம் என்று சிலர் விரும்பினர். எது தேவை என்று போங்கிடம் கேட்டோம்.

அங்கிருந்த மூன்று பிள்ளைகள் கெமர் புத்தாண்டுக்குள் வீடு திரும்பவிருந்தனர். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் அதுவும் வருகிறது. அவர்களில் ஒன்பது வயதுச் சிறுமி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் வசிக்கும் பாட்டியிடம் போகிறாள். பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்கு நடக்க முடியாது, சைக்கிள் வேண்டும். சீருடை வேண்டும். பெற்றோர் பணம் அனுப்பாத மாதத்தில் வீட்டில் அரிசி வேண்டும். எல்லாவற்றையும்விட, அவள் பள்ளிக்குப் போகிறாளா என்று சமூக ஊழியர் மாதந்தோறும் சென்று பார்க்க வேண்டும்.

அன்றிரவு நீண்ட நேரம் விவாதித்தோம். “ஓவியம் என்றால் நன்கொடை கொடுத்தவர்களுக்குப் படம் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தப் பணம் பிள்ளைகளுக்காகத் திரட்டியது. மூன்று சைக்கிள்கள், சீருடைகள், அரிசி மூட்டைகள், மீதித் தொகை சமூக ஊழியரின் மோட்டார்சைக்கிள் எண்ணெய்ச் செலவுக்கு என்று முடிவானது. ரசீதுகளை இணைத்து நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதினோம். ஒருவர்கூடப் படம் கேட்கவில்லை.

போகும் முன் கேளுங்கள்

வெளிநாட்டுத் தொண்டூழியமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்பாட்டாளர்களிடம் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன்.

* நாம் செய்யப்போகும் வேலையை உள்ளூர்க்காரர்கள் கேட்டார்களா, நாமே முடிவு செய்தோமா?
* நாம் திரும்பிய பின்னர் அந்த வேலையை யார் தொடர்வார்?
* சிறுவர் இல்லம் என்றால், பிள்ளைகளைக் குடும்பத்துடன் சேர்க்க அது என்ன செய்கிறது?
* பின்னணி எதையும் சரிபார்க்காமல், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பிள்ளைகளைத் தூக்கலாமா? ஆம் என்றால், அங்கு போகாதீர்கள்.

குறுகிய காலமே இருக்கும் மாணவர்களுக்குப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குத் துணைநிற்பதே பொருத்தமான பணி என்பது என் கருத்து. அடுத்த ஆண்டுக் குழு அதே பள்ளிக்குத்தான் போகிறது. சிறுவர் இல்லத்தில் ஊழியர்களுக்கான கணினிப் பயிற்சி மட்டும் தொடரும்.

சென்ற மாதம் ஆசிரியை டெலிகிராமில் ஒரு செய்தி அனுப்பினார். அட்டைகளில் சில கிழிந்துவிட்டனவாம், ஐந்தாம் வகுப்புக்கும் ஒரு தொகுப்பு வேண்டுமாம். சொற்களின் பட்டியலை அவரே தயாரித்து அனுப்பியிருக்கிறார். அடுத்த குழுவில் சேர விரும்பும் மாணவர்களுக்கு முதல் வேலை தயார்.