கல் விளையும் நிலம்!

அமெரிக்காவின் வடகிழக்கே இருக்கும் நியூ இங்கிலாந்து விவசாயிகளுக்கு இது பரம்பரைத் தலைவலி. வயலில் கிடக்கும் கல்லையெல்லாம் பொறுக்கி ஓரத்தில் அடுக்குவார்கள். குளிர்காலம் முடிந்து உழப் போனால், புதிதாகக் கற்கள் தலைகாட்டும்! அப்படி அடுக்கிய கற்சுவர்கள் இன்றும் அங்குள்ள காடுகளுக்குள் நீண்டு கிடக்கின்றன.

கல்லை மேலே தூக்கியது யார்? தண்ணீர்தான். 'உறைந்தால் தண்ணீர் பருக்கும், பள்ளிக்கூடத்திலேயே படித்தோமே' என்பீர்கள். கணக்கு உதைக்கிறது. தண்ணீர் பருப்பது சுமார் 9 சதவிகிதம். தரையோ அந்தக் கணக்கை மீறி எழும்புகிறது.

முடிச்சை அவிழ்த்தவர் ஸ்டீபன் டேபர். கடுங்குளிர் அதிகம் இல்லாத தென் கரோலினாவின் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்பதுதான் வேடிக்கை. 1929, 1930-ல் அவர் வெளியிட்ட ஆய்வுகளில், மண்ணில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். ஆனாலும் மண் எழும்பியது!

ஆக, பருப்பது முக்கியமல்ல, பயணம்தான் முக்கியம். மேல்மண் உறைந்தாலும், மண் துகளைச் சுற்றி மெல்லிய ஏடாகக் கொஞ்சம் நீர் உறையாமல் இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அது கீழேயுள்ள வெதுவெதுப்பான மண்ணிலிருந்து நீரைக் குளிர்ந்த பக்கம் இழுக்கிறது. வந்த நீர் அங்கே உறைய, ஐஸ் தகடு தடித்துக்கொண்டே போய் மண்ணைத் தூக்குகிறது. உறைந்த மண்ணின் பிடியில் கல்லும் கூடவே எழும்புகிறது. கல்லுக்கு அடியில் விழும் பள்ளத்தில் மண் சரிந்து அடைத்துக்கொள்வதால், ஐஸ் உருகினாலும் கல்லால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது.

வயலோடு போனால் பரவாயில்லை. சாலைக்கு அடியில் இது நடந்தால்? வசந்தத்தில் ஐஸ் மேலிருந்து உருகும். அடிமண் இன்னும் இறுகிக் கிடப்பதால் நீர் இறங்க வழியில்லை. தார் ரோடு கூழின் மேல் போட்டதுபோல ஆகிவிடும். அதனால்தான் மினசோட்டா மாநிலத்தில் அந்த வாரங்களில் லாரிகளின் எடைக்குக் கட்டுப்பாடு. அங்கே வட பகுதியில் வீட்டு அஸ்திவாரத்தை 5 அடி ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்கள், உறையும் மண்ணுக்குக் கீழே.

எல்லா மண்ணும் இப்படி இழுக்காது. பெருமணலின் இடைவெளிகள் பெரிது, இழுப்பு போதாது. களிமண்ணில் இழுப்பு உண்டு, ஆனால் நீர் மெதுவாகத்தான் நகரும். நடுவில் இருக்கும் மாவு போன்ற வண்டல்தான் வில்லன். சாலை போடுபவர்கள் அதைத் தோண்டியெடுத்துவிட்டுச் சரளை நிரப்புகிறார்கள். திரி அறுந்தது, தண்ணீர் ஏறுவது நின்றது!