கயிறு சாத்தியதும் கைபேசியில் தேடுவதும்

சைவக் குடும்பங்களில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. வழி தெரியாமல் மனம் நொந்து நிற்கும் நேரத்தில் தேவாரச் சுவடிக்குப் பூசை செய்து, ஏடுகளுக்கு நடுவே ஒரு கயிற்றைச் செருகுவார்கள். கயிறு கிடக்கும் இடத்தில் ஏட்டைப் பிரித்தால் எந்தப் பாட்டு வருகிறதோ அதுதான் பதில். ‘கயிறு சாத்திப் பார்ப்பது’ என்று இதற்குப் பெயர்.

13ஆம் நூற்றாண்டில் பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாக் குறையோடு தம் குருவிடம் போனார். குரு கயிறு சாத்தினார். வந்தது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம். அங்குள்ள முக்குளத்தில் நீராடினால் பிள்ளைப்பேறு உண்டு என்று அதில் ஒரு பாட்டு சொல்கிறது. கணவனும் மனைவியும் திருவெண்காடு போனார்கள், பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைதான் பிற்பாடு சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார். கயிறு சாத்திய குருவே அவருக்குச் சீடராகி அருணந்தி சிவாசாரியார் ஆனார் என்பது சைவர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் கதை.

அன்றைக்குத் தேவாரம் எல்லார் வீட்டிலும் கிடந்த பொருள் அல்ல. தில்லையில் பூட்டிய அறைக்குள் கரையான் தின்றது போக மிஞ்சியதைத்தான் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது மரபு. தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட ராஜராஜன் 48 பேரை அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் அளந்ததைக் கல்வெட்டில் காணலாம். ஏட்டைப் பார்த்தே இராத சனங்களுக்கு ஓதுவாரின் குரல்தான் எல்லாம். அன்று அவர் எந்தப் பதிகத்தை எடுத்தாரோ அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். கேட்டதெல்லாம் ஆறுதலாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கண் பறிபோன சுந்தரர் ஆரூரில் போய் நின்று சாமியோடு சண்டையே போடுகிறார். கவலையோடு வந்தவன் காதில் அந்தச் சண்டையும் விழும். தன்னைப் போல் ஒருத்தர் முன்பே கோபப்பட்டிருக்கிறார் என்று தெரிவதும் ஒரு தெம்புதானே.

அதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கோயிலுக்குள் விடாமல் நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தக் குரலும் எட்டவில்லை. இன்று நிலைமை வேறு. 2007இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தேவாரம் முழுவதையும் மின்பதிப்பாகக் கொண்டுவந்தது. தருமபுரம் சுவாமிநாதன் பண்ணோடு பாடிய பதிகங்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. சிதம்பரத்தில் சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாட ஆறுமுகசாமி ஓதுவார் பல ஆண்டுகள் போராடி, 2008இல் பாடினார். அரசு கோயில்களில் பெண்களையும் ஓதுவார்களாக நியமித்திருக்கிறது. இவையெல்லாம் சந்தேகமில்லாத லாபங்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கைபேசியில் ‘கடன் தீர’ என்று தட்டினால் திருவீழிமிழலைப் பதிகம் வருகிறது. தினமும் இத்தனை முறை, இந்தத் திசை பார்த்து என்று மருந்துச் சீட்டு மாதிரி குறிப்பும் கூடவே வரும். அந்தப் பதிகம் பிறந்த கதையைப் பெரிய புராணம் சொல்கிறது. ஊரில் பஞ்சம். அடியார்களுக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் கோயில் பீடத்தில் நாள்தோறும் ஒவ்வொரு காசு கிடைத்தது. மெய்வருந்தத் தொண்டு செய்த அப்பருக்கு நல்ல காசு. சம்பந்தருக்கு வட்டம் கொடுத்து மாற்ற வேண்டிய காசு. அதனால் சம்பந்தர் மடத்தில் பந்தி தாமதமானது. பசித்தவர்கள் காத்திருக்கிறார்களே என்றுதான் அவர் நல்ல காசு கேட்டுப் பாடினார். அடுத்தவர் வயிற்றுக்காகக் கேட்ட பாட்டு, நம் வீட்டுக் கடன் தவணைக்குப் பரிகாரமாகிவிட்டது. கடன்பட்டவர் பாடுவதைக் குறை சொல்லவில்லை. கதையையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்குமே என்பதுதான் என் ஆதங்கம்.

கோளறு பதிகத்தின் கதி இன்னும் வேடிக்கை. கிரகங்கள் சரியில்லை, இப்போது மதுரைக்குப் போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தபோது, சிவன் நெஞ்சில் இருக்கையில் எந்த நாளும் கோளும் நல்லவையே என்று மறைக்காட்டில் சம்பந்தர் பாடியது அது. கிரக பயத்தை உதறச் சொன்ன அந்தப் பாட்டையே இன்று ஜோதிடர்கள் கிரக தோஷத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்.

இந்த மருந்துச் சீட்டுப் புத்தி தொடாத ஓர் இடம் உண்டு: முற்றோதல். ஊர் ஊராக இப்போது நடக்கும் திருவாசக முற்றோதலில் காலையில் உட்கார்ந்தால் 658 பாட்டையும் பாடி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். பெரிய எழுத்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் அதிகம். எனக்கு வேண்டிய பாட்டு இது என்று அங்கே யாரும் பொறுக்குவதில்லை. சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தவர் ஏதோ ஒரு வரியில் தொண்டை அடைத்து நிறுத்திவிடுவார். பக்கத்தில் இருப்பவர் விடாமல் பாடிக்கொண்டே போவார். எந்த வரி யாரை நிறுத்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கயிறு செய்த வேலையை இன்றைக்கு இது செய்கிறது.

முற்றோதலுக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் கவலைக்கென்று ஒரு பதிகத்தைத் தேடி எடுத்தால், அதோடு நிறுத்தாமல் அதற்கு முந்தைய பதிகத்தையும் பிந்தையதையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.