கடனும் கண்ணியமும்



 

நம் காவிரிப் படுகையில் வருமானம் ஆற்று நீரைப் பின்தொடர்ந்து வருவதாகும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நடக்கும். சம்பா நெல் தை, மாசியில் களத்துக்கு வரும். கொள்முதல் நிலையத்தில் எடை போட்ட பிறகே விவசாயியின் கையில் காசு புழங்கும். அதன் பிறகே கடைத்தெருவிலும் வியாபாரம் நடக்கும். ஆனால் கடன் அட்டையின் பில் மாதந்தோறும் வந்து நிற்கும். ஆண்டுக்கு இரு முறை வருமானம் காணும் ஊரில், முப்பது நாளைக்கு ஒரு முறை கெடு வைக்கும் கடன் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைப் பல வீடுகள் இன்று அனுபவித்துக் கொண்டிருக்கின்றன.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். அட்டையில் 40,000 ரூபாய் பாக்கி இருக்கின்றது. வட்டி மாதம் மூன்றரை விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 1,400 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 252 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று 2,000 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது வெறும் 348 ரூபாய்தான்! ஆண்டுக்கணக்கில் கட்டியும் கடன் தீராத மர்மம் இதுவே. இரண்டு மாதம் தவறினால் அபராதமும் சேர்ந்துகொள்ளும். பிறகு தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். வசூல் செய்யும் ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். வட்டியை அல்லாஹ் ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுத்தான் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்குகின்றது.

இந்த நிலையில் உள்ள சகோதரர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். நான் கொடுக்க வேண்டியது என்ன? வசூலிக்க வருபவர் என்னிடம் எந்த எல்லை வரை நடந்துகொள்ளலாம்? இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதால்தான் சிலர் கடனையே மறுக்கின்றனர். சிலர் அவமானத்தையும் கடனின் ஒரு பகுதி என்று எண்ணித் தாங்கிக்கொள்கின்றனர்.

கடன் காலாவதி ஆகுமா?

நம் நாட்டின் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்காக வழக்குத் தொடர பொதுவாக 3 ஆண்டுகளே அவகாசம். அந்த அவகாசத்திற்குள் ஒரு தொகையைச் செலுத்தினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டாலோ, அன்றிலிருந்து 3 ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். அவகாசம் முடிந்த பிறகும், கொடுத்துவிடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது செல்லத்தக்க புதிய ஒப்பந்தமாகிவிடும்.

மார்க்கத்தின் பார்வை இதைவிட ஆழமானது. காலம் கடந்ததால் ஓர் உரிமை அழிந்துவிடாது என்பது ஃபிக்ஹ் கலையில் அறியப்பட்ட விதி. உஸ்மானியப் பேரரசின் ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பிலும் இவ்விதி 1674ஆம் பிரிவாக இடம்பெற்றது. நீதிமன்றத்தின் கதவு மூடலாம். மஹ்ஷரின் கதவு மூடாது. கடனோடு கொண்டுவரப்பட்ட ஒரு ஜனாஸாவுக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்க முன்வரவில்லை என்பதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள் என்பதும் ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தியாகும்.

ஆகவே 3 ஆண்டுகள் கழிந்துவிட்டன என்று நிம்மதியாக உறங்குவது முஃமினுக்கு அழகல்ல. அதே வேளையில், வட்டியும் அபராதமும் ஏறிப் பன்மடங்காக ஊதிய ஒரு தொகையை வசூல்காரர் நீட்டும் தாளில் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதும் அறிவுடைமை அல்ல. நாம் வாங்கிச் செலவழித்த அசல் நம் கழுத்தில் உள்ள அமானிதம். அதன்மேல் ஏறிய வட்டியைக் குறைக்கவும் தள்ளுபடி செய்யவும் கேட்பதில் வெட்கமில்லை. வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று எழுதி எடுத்துக்கொண்டு ஊர் ஆலிமிடம் சென்று, தம் பொறுப்பின் அளவைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

பொய் சொல்ல வைக்கும் சுமை

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து அதிகமாகப் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகின்றீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேசுகின்றான், வாக்களித்தால் மாறுசெய்கின்றான் என்ற கருத்தில் விடையளித்தார்கள். இதை அறிவிப்பவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் (புகாரி). இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? தொலைபேசி ஒலித்தால், அத்தா இல்லை என்று சொல்லும்படி பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கின்றோம். வெள்ளிக்கிழமை கட்டிவிடுகிறேன் என்று கையில் காசில்லாமலே வாக்களிக்கின்றோம். கடனைவிட இப்பொய்கள் பெரிய சேதம். இப்போது என்னிடம் இல்லை, அறுவடைக்குப் பின் இவ்வளவு தர இயலும், எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகின்றேன் என்று உண்மையை ஒரே முறை சொல்வது ஆயிரம் சாக்குகளை விட மேலானது.

வசூலிப்பவரின் எல்லை

கடன் கொடுத்தவர் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கும் நபிகளாரின் வாழ்வில் முன்மாதிரி உண்டு. ஒருவர் தம் ஒட்டகத்தைக் கேட்டு வந்து நபியவர்களிடமே கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவரைத் தண்டிக்க முனைந்தபோது, விட்டுவிடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று தடுத்தார்கள். அவர் கொடுத்ததைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். ஆனால் உரிமை உள்ளவருக்குக் கிடைத்தது பேச்சுரிமைதான். அடிக்கவும், வீட்டுப் பெண்களை ஏசவும் அல்ல. கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் இடும் கட்டளையாகும்.

இந்த எல்லை மீறப்படுவதை நம் மாவட்டமே கண்டது. 2016 மார்ச் மாதத்தில், ஒரத்தநாடு பகுதியில் டிராக்டர் கடனில் சில தவணைகள் பாக்கி வைத்திருந்த ஒரு விவசாயியை, காவலர்களும் நிதி நிறுவனத்தின் ஆட்களும் வயலிலேயே அடித்து இழுத்த காட்சி நாடெங்கும் பரவியது. வாங்கிய அசலைவிடக் கூடுதலாகவே அவர் கட்டியிருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. அந்த விவசாயி கடன் பாக்கி வைத்திருந்தது உண்மை. அவர் மீது விழுந்த அடி அநீதி என்பதும் அதே அளவு உண்மை.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கின்றது. வங்கிகள் அடியாட்களை வைத்து வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் கண்டித்தது. 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வசூல் முகவர்களுக்கான விதிகளை வெளியிட்டது. முகவர் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் புகார் நிலுவையில் இருக்கும்போது அக்கணக்கை முகவரிடம் ஒப்படைக்கக் கூடாது. 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட அறிவிப்பில், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, மிரட்டவோ ஊரறிய அவமானப்படுத்தவோ கூடாது, உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் விதித்தது.

செய்ய வேண்டியவை

கடன் அட்டைப் பாக்கியைக் கட்ட இயலாமை சிவில் வழக்குக்கு உரியது. வசூலித்துக் கொடுப்பது காவல் நிலையத்தின் வேலை அல்ல. ஆனால் கடனுக்காகக் கொடுத்த காசோலை திரும்பினால் அது தனிக் குற்ற வழக்காகும். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அலட்சியம் செய்யவே கூடாது.

வருபவரின் பெயர், நிறுவனம், கடிதம் ஆகியவற்றை முதலில் கேளுங்கள். பழைய கடன்களை வங்கிகள் வேறு நிறுவனங்களுக்கு விற்றுவிடுவதும் உண்டு; அப்படியானால் அதற்கான ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். முழுக் கணக்கு அறிக்கையை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். முகவரின் சொந்தக் கணக்கிலோ கையிலோ பணம் கொடுக்காதீர்கள். வரம்பு மீறினால் நாள், நேரம், பேசிய எண் ஆகியவற்றைக் குறித்து வைத்து வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் தக்க பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; 14448 என்ற எண்ணில் வழிகாட்டல் கிடைக்கும்.

ஒரே தடவையில் ஒரு தொகை கட்டி முடிக்கும் சமரசத்திற்கும் நபிவழியில் சான்று உண்டு. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலில் கடனைக் கேட்டார்கள். இருவரின் குரலும் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டுத் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் இசைந்ததும், எழுந்து மீதியைக் கொடுங்கள் என்று மற்றவரிடம் கூறினார்கள். இருபுறமும் கடமை உண்டு என்பதைக் கவனியுங்கள்: ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், மற்றவர் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். வங்கியுடனான சமரசத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் பெறுங்கள். கட்டிய பின் பாக்கி இல்லை என்ற சான்றையும் பெறுங்கள்.

அமீரகம் சென்று திரும்பிய சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே விட்டுவந்த அட்டைக் கடன் கடலோடு போயிற்று என எண்ண வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் சிவில் நீதிமன்றத் தீர்ப்புகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்ற, 2020 ஜனவரி 17 அன்று இந்திய அரசு வழிசெய்துவிட்டது.

கடனாளி மரணித்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கடனைத் தீர்த்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்பது அன்னிஸா அத்தியாயம் 11ஆம் வசனத்தின் சட்டம். சொத்து இல்லையென்றால் வாரிசுகள் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டும்படி சட்டம் கட்டாயப்படுத்தாது. இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் அவள் நகையைக் கேட்டு மிரட்டும் முகவருக்கு, அவளுடைய அண்ணனோ ஜமாஅத்தோ முன்னின்று பதில் சொல்ல வேண்டும்.

ஜமாஅத்தின் பொறுப்பு

2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதித் தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. அப்படி விளைச்சலை இழந்தவரின் கதை நபிகளார் காலத்திலும் உண்டு. வாங்கிய கனிகளில் நஷ்டமடைந்து கடன் பெருகிய ஒருவருக்குத் தர்மம் செய்யுங்கள் என்றார்கள். மக்கள் கொடுத்தும் கடன் முழுதும் அடையவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் உங்களுக்கு இல்லை என்று கடன் கொடுத்தவர்களிடம் கூறினார்கள் (முஸ்லிம்). ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளையும் அல்லாஹ் சேர்த்திருக்கின்றான் (9:60). நம் மஹல்லாக்களின் பைத்துல்மால் இந்தப் பங்கை நினைவில் கொள்ளட்டும். கடன் வாங்கிய சகோதரர் வசூல்காரருக்கு அஞ்சி ஜுமுஆவுக்கு வராமல் ஒதுங்கினால், அவரைத் தேடிச் செல்வது நம் கடமை. வசூல் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளும், கேட்கும்போது மென்மையாகக் கேட்பவருக்காக நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்ததை மறந்துவிட வேண்டாம்.

வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம். வசதியற்றவரை நெருக்குவதும் அநியாயம். வல்ல நாயன் அல்லாஹ் நம்மை இவ்விரண்டை விட்டும் காப்பானாக! கடன்பட்டோரின் கடனை ஹலாலான வழியில் நிறைவேற்றித் தருவானாக! கடனற்ற நிலையில் ஈமானோடு அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.