வரைபடத்தின் மூலையில் ஒரு பிரபுவின் பெயர்

கேப்டன் கிரீன்வில் காலின்ஸ் 1693-இல் லண்டனில் வெளியிட்ட ‘கிரேட் பிரிட்டன்ஸ் கோஸ்டிங் பைலட்’ என்ற கடல் வரைபடத் தொகுப்பில், பல படங்களின் மூலையில் அலங்காரச் சட்டத்துக்குள் ஒரு பெரிய மனிதரின் பெயர் இருக்கிறது. ஹாரிச் துறைமுகப் படம், கடற்படை நிர்வாகத்தில் செல்வாக்கோடு இருந்த சாமுவேல் பீப்ஸுக்குக் காணிக்கை. இதை வெறும் முகத்துதி என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அது செலவுக் கணக்காகவே தெரிகிறது. கடல் வரைபடத்துக்கான செலவெல்லாம் ஒரு பிரதி விற்பதற்கு முன்பே வந்துவிடும். கப்பல் வேண்டும், ஆட்களுக்குக் கூலி வேண்டும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி ஆழம் பார்க்க வேண்டும், பிறகு அத்தனையையும் செப்புத் தகட்டில் செதுக்க வேண்டும். மன்னர் இரண்டாம் சார்லஸ் தந்த ‘மெர்லின்’ கப்பலில் காலின்ஸ் 1681-இல் தொடங்கிய வேலை ஏறத்தாழ ஏழு ஆண்டு நீண்டது. அவ்வளவு பாடுபட்டு வந்த படத்தைப் பார்த்து நகலெடுக்க இன்னொருவருக்குச் சில வாரம் போதும்.

நல்ல படமென்றால் மாலுமிகளே வாங்கிப் பிழைக்க வைத்திருப்பார்களே என்று கேட்கலாம். அதற்கு ஜான் செல்லரின் கதையே பதில். 1671-இல் அவருக்கு ‘அரச நீரியலாளர்’ பட்டமும், போலிகளுக்கு எதிரான பாதுகாப்பும் கிடைத்தன. அளவைப்பணிக்குப் பணம் கிடைக்கவில்லை. அவர் பழைய டச்சுத் தகடுகளை வாங்கி, பெயர்களைச் சுரண்டி, ஆங்கிலத்தில் மறுபடி வெட்டினார் என்று பீப்ஸ் குறித்திருக்கிறார். மணல்திட்டுகள் இடம்மாறும் கரைகளில் பழைய தகட்டை நம்பிப் போன மாலுமியை நினைத்தால் மனம் பதறுகிறது.

புரவலரின் தயவு உண்மையைக் கெடுக்காதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. எந்தப் பிரபுவுக்காகவும் பாறை நகராது. காலின்ஸின் படங்களில் இருந்த பிழைகளுக்கு நேரமும் ஆட்களும் போதாததுதான் பெருங்காரணம். ஆனால் எந்தக் கரையை முதலில் அளப்பது என்பதைப் பணமே தீர்மானித்தது என்பதை மறுக்க முடியாது. அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது சந்தா முறை. மர்டாக் மெக்கன்சி 1750-இல் வெளியிட்ட ஆர்க்னித் தீவுகளின் படத்தொகுப்புக்குப் பலர் முன்பணம் தந்தார்கள். உறைந்த ஏரியின்மேல் அடிக்கோடு அளந்து, முக்கோண முறையில் செய்த துல்லியமான வேலை அது. பிரிட்டிஷ் கடற்படை தனக்கென நீரியல் அலுவலகம் தொடங்கியது 1795-இல்தான். அதன் முதல் தலைவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள், சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1759-இல் ‘கடலூர்’ என்ற பாய்க்கப்பலில் கிழக்குக் கடல்களுக்குப் புறப்பட அவருக்கும் சென்னை ஆளுநர் பிகட்டின் ஆதரவு தேவைப்பட்டது.