வெயிலை மின்சாரமாக்கும் படிகங்கள் பிறக்கும் விதம்

பினாங்குப் பாலத்தைக் கடந்து கிழக்கே சென்றால் கெடா மாநிலத்துக் கூலிம் வட்டாரத்தை அடையலாம். பால்மரத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற அவ்வட்டாரத்தில் இன்று உயர் தொழில்நுட்பப் பூங்கா ஒன்று அமைந்துள்ளது. அங்கே 2008ஆம் ஆண்டு முதல் ஃபர்ஸ்ட் சோலார் என்னும் அமெரிக்க நிறுவனம் சூரிய மின்பலகைகளைச் செய்து வருகின்றது. அதே நிறுவனம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே ஓர் ஆலையைத் திறந்தது. இத்தகைய ஆலைகளுக்கு வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகள், அங்கு நடைபெறுவது யாது என்று அறிந்திருத்தல் நலம்; பெற்றோரும் அறிந்திருத்தல் இன்னும் நலம்.

இப்பலகை என்பது கண்ணாடியின்மேல் படிந்த ஒரு மெல்லிய பூச்சேயாகும். அதன் முக்கியப் படலம் காட்மியம், டெலூரியம் ஆகிய இரு தனிமங்களின் சேர்மம். தடிப்போ நம் தலைமயிரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. செம்பைப் போல மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தாமலும், ரப்பரைப் போல அறவே தடுக்காமலும் இடைநிலையில் நிற்பதால் இதனைக் குறைகடத்தி என்பர். வெயில் படும்போது இதனுள் எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுகின்றன. அவ்வோட்டமே மின்சாரம்.

உருப்பெருக்கியால் நோக்கினால் இப்பூச்சு ஒரே தகடாக இராது. எண்ணற்ற படிகங்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பது தெரியும். இரு படிகங்கள் சந்திக்கும் எல்லையில் ஓடிவரும் எலெக்ட்ரான் சிக்கிக்கொண்டு வீணாவதுண்டு. ஆகவே படிகம் எவ்வாறு பிறந்தது, எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பொறுத்தே பலகையின் தரம் அமையும்.

படிகம் பிறப்பதை நம் வீட்டிலேயே காணலாம். சர்க்கரையைச் சூடான நீரில் இயன்ற மட்டும் கரைத்து, நூலொன்றைத் தொங்கவிட்டு, பல நாள் அசையாமல் ஆறவைத்தால் நூலில் பெரிய கற்கண்டுகள் தோன்றும். அதே பாகை அடுப்பிலிருந்து இறக்கி வேகமாகக் கிளறினால் கிடைப்பது பொடிச் சர்க்கரை. பொருள் ஒன்றே, படிகம் வேறு. நான் வகுப்பறையில் நின்ற காலத்தில், எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்த நூலும் கண்ணாடிக் குவளையுமே மாணவர்க்கு விளங்கவைத்தன.

அளவுக்கு மிஞ்சிக் கரைந்த பாகில் துகள்கள் ஓயாது ஒன்றுகூடுகின்றன. கூடியவை உடனே கலைகின்றன. சிறு கூட்டத்தில் உள்ளிருப்போரைவிட ஓரத்தில் நிற்போரே மிகுதி. ஓரத்துத் துகளுக்குப் பிடிமானம் குறைவு. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கூட்டமே கலையாமல் நின்று, படிகக் கருவாகி, மேலும் துகள்களைச் சேர்த்து வளரும். கருக்கள் யாவும் ஒரே கணத்தில் தோன்றி, பின்னர் புதுக் கரு தோன்றாமல் வளர்ச்சி மட்டும் நடந்தால், எல்லாப் படிகங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். இவ்விளக்கத்தை விக்டர் லாமெர் என்னும் அமெரிக்க வேதியியலார் 1950இல் கந்தகத் துகள்களைக் கொண்டு அளித்தார். இவ்வழியில், சூடான திரவத்துள் மூலப்பொருளைச் சட்டென்று பீய்ச்சிச் சீரான நுண்படிகம் செய்யும் முறையை 1993இல் மௌங்கி பவெண்டி வகுத்தார். அவர் 2023இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர்.

காட்மியம் நச்சுத்தன்மை உடையது, டெலூரியம் அரிதானது. எனவே செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் ஆகிய எளிய நான்கைக் கொண்டு மின்கலம் செய்ய இயலுமா என ஆய்வாளர் முயன்று வருகின்றனர். வெள்ளீயம் நம் பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டி எடுக்கப்பட்ட அதே உலோகமாகும்.

2009இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில இந்நான்கின் நுண்படிகங்களைச் செய்து காட்டின. உலோக உப்புகளை ஒலைலமீன் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தில், காற்றுப் புகாத குடுவையில், 225 பாகை வரை சூடாக்கிக் கந்தகக் கரைசலைப் பீய்ச்சுவர். கணத்தில் கருக்கள் தோன்றுகின்றன. அவை முதலில் செம்பும் கந்தகமும் மட்டுமே கொண்டவை. வெள்ளீயமும் துத்தநாகமும் பின்னரே உள்ளே நுழைகின்றன. அந்நுழைவு குறைபட்டால் துத்தநாகம் தனியே கந்தகத்தோடு கூடி மின்னோட்டத்துக்குத் தடைக்கல்லாகிவிடும். விளையும் படிகத்தின் அகலம் ஏறக்குறைய 10 முதல் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு நானோமீட்டர்.

இத்தனை சிறிய படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருப்பது எவ்வாறு? இதனைத் தோட்டத் தொழிலாளர்க்கு விளக்கத் தேவையே இல்லை. மங்கில் வடியும் பாலில் ரப்பர்த் துகள்கள் புரதப் போர்வை போர்த்தி மிதக்கின்றன. போர்வையின் மின்னூட்டம் அவற்றை விலக்கி வைக்கின்றது. பார்மிக் அமிலம் ஊற்றினால் அம்மின்னூட்டம் அழிந்து பால் உறைகின்றது. குடுவையிலும் ஒலைலமீன் படிகத்தைச் சுற்றிப் போர்வையாகின்றது. இங்கு மின்னூட்டத்திற்குப் பதில் அதன் நீண்ட வாலே விலக்கி வைக்கும் வேலையைச் செய்கின்றது. எரிசாராயம் சேர்த்தால் படிகங்கள் அடியில் படியும். அவற்றைக் கழுவி, வேறொரு திரவத்தில் கலக்கினால் கருமையான மை கிடைக்கும்.

அம்மையைக் கண்ணாடியில் பூசிக் காயவைத்த பிறகு, செலினிய ஆவியில் 500 பாகை அளவில் சுடுவர். அப்போது போர்வை நீங்குகின்றது. சிறு படிகங்கள் இணைந்து ஆயிரம் நானோமீட்டர் அளவுக்கும் வளர்கின்றன. எல்லைகள் குறைகின்றன.

கூலிமில் மை பயன்படுவதில்லை. அங்கே காட்மியம் டெலூரைடைச் சூட்டினால் ஆவியாக்கி, சூடான கண்ணாடிமேல் படியவைக்கின்றனர். நூலின் இடத்தைக் கண்ணாடி ஏற்கின்றது. கரு பிறப்பதும் வளர்வதும் இங்கும் உண்டு. இவ்வகைப் படலத்தைக் காட்மியம் குளோரைடுடன் ஏறத்தாழ 400 பாகையில் மீண்டும் சூடாக்குவது வழக்கம். படிக எல்லைகளின் குறை இதனால் தணிகின்றது. இப்படி ஒருமுறை சுடாவிடில் பலகையின் திறன் பெரிதும் தாழ்ந்துவிடும்.

காட்மியம் வகை 2016இல் ஆய்வுக்கூடத்தில் வெயிலின் ஆற்றலில் 22.1 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. வெள்ளீய வகையோ 2013இல் 12.6 விழுக்காட்டை எட்டி, அதன்பின் மெல்லவே ஏறி வருகின்றது. காரணம் படிகத்தின் உள்ளேயே இருக்கின்றது. செம்பு அணுவும் துத்தநாக அணுவும் பருமனில் மிகவும் ஒத்தவை. வளரும்போதே ஒன்றன் இருக்கையில் மற்றொன்று அமர்ந்துவிடுகின்றது. மெதுவாக ஆறவைத்தால் சில அணுக்கள் தம் இடத்திற்குத் திரும்புகின்றன, எல்லாம் திரும்புவதில்லை.