காலநிலை நிதி

காலநிலை நிதி என்பது, பசுமை இல்ல வாயுக்களின் உமிழ்வைக் குறைக்கவும் வெள்ளம், வறட்சி, கடல்மட்ட உயர்வு போன்றவற்றைத் தாங்கிக்கொள்ளவும் வளரும் நாடுகளுக்கு வளர்ந்த நாடுகள் வழங்கும் அல்லது திரட்டித் தரும் பணமாகும். காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் நெடுங்காலமாகத் தீராத சிக்கல்களில் இதுவும் ஒன்று.

இதன் அடிப்படை 1992 ஆம் ஆண்டு ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் உள்ளது. பொறுப்பு எல்லா நாடுகளுக்கும் பொது, ஆனால் சம அளவில் அல்ல என்பது அதன் கொள்கை. பணம் தரக் கடமைப்பட்ட நாடுகளின் பட்டியலும் அப்போதே வகுக்கப்பட்டது. சீனா, தென்கொரியா, சவூதி அரேபியா ஆகியவை அதில் இல்லை. பட்டியலை விரிவாக்க வேண்டும் என்று வளர்ந்த நாடுகள் இப்போது கேட்கின்றன.

கடனும் மானியமும்

2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009 இல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகள் உறுதியளித்தன. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் கணக்குப்படி 2022 இல்தான் இலக்கு எட்டப்பட்டது. அவ்வாண்டுத் தொகை 11,590 கோடி டாலர். ஆனால் இதில் அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் தந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். வட்டியோடு திரும்ப வரவேண்டிய கடனும் முழுத்தொகையாகவே கணக்கில் சேர்கிறது. இதைக் கழித்துப் பார்த்த ஆக்ஸ்பாம் அமைப்பு, உண்மை மதிப்பு 2,800 முதல் 3,500 கோடி டாலர் வரைதான் என மதிப்பிட்டது.

சூரிய மின்நிலையம் மின்சாரத்தை விற்றுக் கடனை அடைத்துவிடும். கடலரிப்புத் தடுப்புச் சுவருக்கு எந்த வருமானமும் இல்லை. தகவமைப்புப் பணிகளுக்கு மானியம் கேட்கப்படுவது இதனால்தான்.

பாகிஸ்தானின் நிலை

உலக உமிழ்வில் பாகிஸ்தானின் பங்கு சுமார் ஒரு விழுக்காடு. 2022 பெருவெள்ளம் அங்கு 3.3 கோடி மக்களைப் பாதித்தது. சேதமும் பொருளாதார இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலரைத் தாண்டின. ஏற்கெனவே கடனில் தத்தளித்த நாடு அது. 2023 சனவரியில் ஜெனீவாவில் உதவியாக 900 கோடி டாலருக்கு மேல் அறிவிக்கப்பட்டபோது, அதிலும் பெரும்பகுதி கடனாகவே இருந்தது.

இத்தகைய பேரிடர்களுக்கு இழப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று சிறுதீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு 1991 இலேயே முன்மொழிந்திருந்தது. ‘இழப்பு மற்றும் சேத நிதியம்’ அமைக்க 2022 இறுதியில் எகிப்து மாநாட்டில்தான் இணக்கம் ஏற்பட்டது. அவ்வாண்டு வளரும் நாடுகளின் ஜி-77 குழுவுக்குத் தலைமை வகித்தது பாகிஸ்தான். அடுத்த ஆண்டு துபாயில் இந்நிதியத்துக்கு வந்த உறுதிமொழிகள் சுமார் 70 கோடி டாலர். பாகிஸ்தானின் ஒரே வெள்ள இழப்புடன் ஒப்பிட்டாலும் மிகச் சிறியது.

பாகு முடிவு

2024 இல் அசர்பைஜானின் பாகு நகரில், 2035 ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்குக் குறைந்தது 30,000 கோடி டாலர் என்ற புதிய இலக்கு ஏற்கப்பட்டது. வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர். அத்தொகையைத் திரட்ட எல்லோரும் முயல வேண்டும் என்ற அழைப்பு மட்டுமே தீர்மானத்தில் இடம்பெற்றது. 30,000 கோடியில் எவ்வளவு மானியமாக இருக்க வேண்டும் என்பதையும் அது வரையறுக்கவில்லை. முடிவு அறிவிக்கப்பட்ட உடனேயே இந்தியா எழுந்து தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது.